சாண்டோரினியில் இரண்டு இரவு போதுமா?

கேள்வி, 8 மார்ச் 2025

அக்கா, நாங்கள் ஐந்து பேர், ஒரே ஆபீஸ் தோழிகள். செப்டம்பரில் கிரீஸ் போகிறோம், மொத்தம் எட்டு நாள். சாண்டோரினிக்கு இரண்டு இரவு வைத்திருக்கிறோம். ஓயாவில் சூரிய அஸ்தமனம், ஒரு படகுப் பயணம், கொஞ்சம் போட்டோ. இது போதும்தானே? இரண்டு பேர் சைவம். பிப்ரவரியில் அங்கே நிலநடுக்கம் என்று செய்தி பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பயப்படுகிறார்கள்.

8 மார்ச் 2025, இரவு

போதாது. மூன்று இரவாவது வையுங்கள்.

நாங்கள் நான்கு பேர் 2022 செப்டம்பரில் போனோம். கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். இருபது வருடம் கழித்து, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு முதல் தடவையாகச் சேர்ந்து கிளம்பினோம். ஏதென்ஸ் பக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்தில் காலையில் கப்பல் ஏறினால் தீவுக்குப் போய்ச் சேரவே எட்டு மணி நேரம் ஆகிறது. வேகக் கப்பல் என்றால் ஐந்து. விமானம் முக்கால் மணி நேரம்தான், ஆனால் விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போவது, பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் அதுவும் அரை நாளைத் தின்றுவிடும். வந்த நாள் ஒன்று, திரும்பும் நாள் ஒன்று. இரண்டு இரவு என்றால் உங்கள் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு முழு நாள். அதில் அஸ்தமனமும் படகும் போட்டோவும் என்றால் ஓடிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

நிலநடுக்கம் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

9 மார்ச் 2025

ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி முழுக்க சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் நடுவே கடலடியில் ஆயிரக்கணக்கான அதிர்வுகள் வந்தன. பெரியது பிப்ரவரி 10ஆம் தேதி வந்தது, 5.3 ரிக்டர். 11,000 பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டு வெளியேறினார்கள். தீவின் நிரந்தர மக்கள்தொகையே 15,000 சொச்சம்தான். பள்ளிகளை மூடினார்கள், அவசரநிலை அறிவித்தார்கள். இப்போது அடங்கியிருக்கிறது.

வீட்டில் பயப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். 1956 ஜூலை 9ஆம் தேதி விடிகாலையில் அதே அமோர்கோஸ் பக்கம் வந்த நிலநடுக்கத்தில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓயாவில் பாதி ஊர் இடிந்தது. பலர் ஏதென்ஸுக்குக் குடிபோய்த் திரும்பவே இல்லை. நாம் போட்டோவில் பார்க்கும் வெள்ளை வீடுகள் பலவும் அந்த இடிபாட்டிலிருந்து எடுத்துக் கட்டியவை.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். திருப்பித் தரக்கூடிய டிக்கெட், ரத்து செய்யக்கூடிய அறை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை நிலவரம் பார்த்து முடிவெடுங்கள். பாறை விளிம்பில் அறை எடுக்க மனம் ஒப்பவில்லை என்றால் கிழக்கே கமாரி, பெரிஸா கடற்கரைப் பக்கம் தரைமட்டத்தில் எடுங்கள். வாடகையும் குறையும்.

9 மார்ச், சற்று நேரம் கழித்து

ஓயா என்று நாம் எழுதுகிறோம். அங்கே "ஈயா" என்றுதான் சொல்கிறார்கள். இது முக்கியம். தீவின் முக்கிய ஊரான ஃபிராவின் பேருந்து நிலையத்தில் நடத்துனர் "ஈயா, ஈயா" என்று கூவிக்கொண்டிருந்தார். நாங்கள் ஓயா பஸ் எப்போது வரும் என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் போய்விட்டது.

பஸ் நன்றாகவே ஓடுகிறது. எல்லாத் தடமும் ஃபிராவில் வந்து சேரும், அங்கிருந்து பிரியும். ஓயாவிலிருந்து கமாரி போக வேண்டுமென்றாலும் ஃபிராவில் இறங்கி மாறத்தான் வேண்டும். டிக்கெட் வண்டிக்குள் நடத்துனரிடம் வாங்கலாம். சில்லறை வைத்திருங்கள். அதனால் அறை ஃபிராவிலோ, ஃபிராவிலிருந்து நடக்கிற தூரத்திலோ இருந்தால் ஐந்து பேருக்கும் நல்லது. யார் எங்கே போனாலும் ஒரே இடத்துக்குத் திரும்பி வரலாம்.

16 மார்ச் 2025

சைவத் தோழிகளுக்கு.

நிஸ்டீசிமோ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். விரத உணவு என்று பொருள். கிரேக்கத் திருச்சபைக்காரர்கள் வருடத்தில் பல நாள் விரதம் இருப்பார்கள். அந்த நாள்களில் இறைச்சி, பால், முட்டை கிடையாது. அதனால் எந்தச் சின்னக் கடையிலும் அந்த வகைச் சமையல் தெரியும். ஆனால் கணவாய், இறால் போன்றவை அவர்களுக்கு விரதத்தில் சேர்த்தி. அதனால் நிஸ்டீசிமோ என்று சொன்னதோடு நிற்காமல், கடல் உணவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஃபாவா. மொச்சையை வேகவைத்து மசித்தது. மஞ்சளாக ஒரு தட்டில் பரப்பி, நடுவில் பள்ளம் செய்து ஆலிவ் எண்ணெய் விட்டு, மேலே பச்சை வெங்காயமும் கேப்பர் என்ற ஊறுகாய் மொட்டும் தூவித் தருவார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி கோபிச்செட்டிபாளையம். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏய், இது எங்கம்மா பருப்புக் கடைசல்டீ, சீரகம்தான் இல்லை" என்றாள். நான்கு நாளும் இரண்டு வேளை அதுதான் அவளுக்கு.

தக்காளி வடையும் உண்டு, தொமாட்டோகெஃப்டேதெஸ் என்பார்கள். அந்தத் தீவுத் தக்காளி நெல்லிக்காய் அளவுதான் இருக்கும், தண்ணீர் இல்லாத மண்ணில் விளைவதால் சாறு குறைவு, புளிப்பும் இனிப்பும் அதிகம். வெங்காயம், புதினா போட்டுப் பிசைந்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். சூடாகச் சாப்பிட வேண்டும். ஆறினால் சவசவ என்று ஆகிவிடும்.

17 மார்ச் 2025

திருத்தம். ஃபாவா மொச்சை இல்லை. வெளிநாட்டில் ஃபாவா பீன்ஸ் என்று வேறொன்று உண்டு, அந்தப் பெயரை வைத்து நேற்று எழுதிவிட்டேன். சாண்டோரினி ஃபாவா ஒரு சின்னப் பருப்பு, நம் ஊரில் கேசரிப் பருப்பு என்கிறோமே, அந்தக் குடும்பம். தோல் நீக்கி உடைத்து, தண்ணீரில் குழைய வேகவைப்பது. பருப்புக் கடைசல் என்று என் தோழி சொன்னதுதான் சரி.

திருத்தும்போது இன்னொன்றும் படித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. அக்ரோத்திரியில், அதாவது தீவின் தெற்கே எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து தோண்டியெடுத்த பழைய ஊரில், இதே பருப்பு கிடைத்திருக்கிறது. மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேலாக அந்தத் தீவில் அதையே விதைத்து அதையே தின்கிறார்கள். அந்த ஊரின் அறைகளில் வரிசையாகப் பெரிய பெரிய தாழிகள் நிற்பதைப் பார்த்தேன். அப்போது அவற்றில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்காமல் போய்விட்டேன்.

2 ஏப்ரல் 2025

விசா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், உங்களுக்குக் கிரீஸ்தான். கட்டணம் 90 யூரோ. செப்டம்பர் பயணத்துக்கு மே, ஜூனிலேயே நேரம் வாங்கிவிடுங்கள், கோடையில் கூட்டம்.

வண்டி ஓட்டுவதாக இருந்தால் நம் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் செல்லும். எங்களில் ஒருத்தி மட்டும் எடுத்து வந்தாள், அதனால் அவள்தான் கார் ஓட்டினாள். நான்கு சக்கர மோட்டார் பைக் எடுக்கலாம் என்று இன்னொருத்திக்கு ஆசை. வேண்டாம் என்று தடுத்தோம். அந்தச் சாலைகளில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே சுற்றுலாப் பேருந்து. காலில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நடப்பவர்களை ஃபிராவில் தினமும் பார்த்தோம். நீங்களும் எடுக்காதீர்கள்.

19 ஏப்ரல் 2025

அஸ்தமனம்.

ஓயாவுக்கு அதற்கென்று போகவே வேண்டாம் என்பேன். ஊரின் முனையில் ஒரு பழைய கோட்டையின் மிச்சம் இருக்கிறது, எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். நாங்கள் ஆறு மணிக்குப் போனோம், அதற்குள் சுவர் மேல் ஓர் அடி இடமில்லை. சந்துகள் இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் போகிற அகலம்தான். சூரியன் இறங்கி முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், தட்டிய அடுத்த நிமிடம் எல்லோரும் ஒரே பஸ்ஸுக்கு ஓடினார்கள். நாங்கள் ஃபிரா வந்து சேர இரவு பத்தரை.

அதே சூரியன் மேற்கே பார்த்த அந்த விளிம்பு முழுக்கத் தெரிகிறது. ஃபிராவுக்குப் பக்கத்து ஊரான இமெரோவிக்லியில் உட்கார்ந்து பார்க்கலாம். தென்மேற்கு முனையில் 1892இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது, அங்கே பாறைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். உள்நாட்டில் பிர்கோஸ் என்ற பழைய ஊர், மேடாக இருக்கும், அங்கிருந்து தீவே தெரியும்.

20 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதை என் தோழி படித்துவிட்டு போன் போட்டாள். எங்கள் கூட்டத்தில் போட்டோ பைத்தியம் அவள்தான். "நீ உன் கால்வலியை எழுதியிருக்கே. நான் பார்த்ததை எழுதலையே" என்றாள்.

அவள் பார்த்தது இது. கூட்டம் கைதட்டி ஓடியபோது நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸுக்குப் போய்விட்டோம். அவள் மட்டும் அங்கேயே நின்றாள். கால் மணி நேரத்தில் கோட்டை காலி. வானம் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது, பாறைச் சரிவில் ஒவ்வொரு குகை வீட்டிலும் விளக்கு ஏறியது, எதிரே தெராசியா தீவின் விளக்குகளும் ஏறின. கீழே அம்முதித் துறையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மேலே கேட்டதாம். அவள் எடுத்த படங்களில் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்த இருட்டுப் படம்தான், அஸ்தமனப் படம் இல்லை.

ஆகவே மாற்றிக்கொள்கிறேன். ஓயாவுக்குப் போங்கள். ஆனால் கைதட்டு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

20 ஏப்ரல், இரவு

அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளை விட்டுவிட்டுப் போனதற்காக எங்களுக்குள் பெரிய சண்டை. "நாலு பேரா வந்தோம், நாலு பேராத்தானே போகணும்" என்று ஒருத்தி. "நான் ஒண்ணும் குழந்தை இல்லையே" என்று இவள். இரவு சாப்பாட்டில் யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை யாரும் சொல்லாமலே ஏற்பாடு மாறிவிட்டது. ஒருத்தி தூங்கினாள். ஒருத்தி கேமராவோடு விடியலுக்கு முன்பே கிளம்பினாள். கோபிக்காரி திராட்சைத் தோட்டம் பார்க்கப் போனாள். நான் அக்ரோத்திரிக்கு பஸ் ஏறினேன். இரவு எட்டு மணிக்கு ஒரே மேசை. அந்த இரவு பேசியது போல நாங்கள் கல்லூரியில்கூடப் பேசியதில்லை. ஒவ்வொருத்தி கையிலும் மற்றவளுக்குச் சொல்ல ஒரு பகல் இருந்தது.

ஐந்து பேர் என்கிறீர்கள். ஒரு நாளாவது பகலில் பிரிந்துபோங்கள். இதற்காகவே சொல்கிறேன், மூன்று இரவு என்றேனே, நான்காக ஆக்குங்கள். படகு, ஓயா எல்லாம் சேர்ந்து போக இரண்டு நாள், அவரவருக்கு ஒரு நாள். இரண்டு இரவில் அந்த ஒரு நாளைத்தான் முதலில் வெட்டுவீர்கள்.

4 மே 2025

திராட்சைத் தோட்டத்தில் அப்படி என்ன என்று கேட்டீர்கள். நான் போகவில்லை, கோபிக்காரி சொன்னதும் அவள் போனில் காட்டியதும்தான்.

பந்தல் இல்லை. குச்சி நட்டுக் கட்டுவதும் இல்லை. காற்று அப்படி அடிக்கும் என்பதால் கொடியை வட்ட வட்டமாகத் தரையிலேயே சுற்றிக் கூடை மாதிரி முடைந்துவிடுகிறார்கள். குலை அந்தக் கூடைக்குள் காய்க்கும். அவளுக்கு அதைப் பார்த்ததும் தலைச்சுமைக்காரர்கள் வைக்கும் சும்மாடு ஞாபகம் வந்ததாம். கறுப்பு மண்ணில் நூற்றுக்கணக்கான பச்சைச் சும்மாடுகள். மழை அபூர்வம், ஆறு கிடையாது. இரவில் கடலிலிருந்து வரும் பனியைச் சாம்பல் மண் பிடித்து வைத்துக்கொள்கிறது, கொடி அதைக் குடித்துப் பிழைக்கிறது. அசிர்த்திகோ என்ற வெள்ளைத் திராட்சை. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் அழித்த வேர்ப்பூச்சி இந்த மண்ணில் பிழைக்க முடியாததால் பழைய வேர்கள் அப்படியே இருக்கின்றன.

அவள் விவசாயக் குடும்பம். அரை நாள் அங்கேயே உட்கார்ந்து, மொழி தெரியாத ஒரு வயதான அம்மாவோடு கையசைவில் பேசிவிட்டு வந்தாள். மண்ணைக் கொஞ்சம் கைக்குட்டையில் முடிந்து வந்திருந்தாள்.

11 மே 2025

படகுப் பயணம். நேயா கமேனி என்ற எரிமலைத் தீவில் இறக்கிவிடுவார்கள். கறுப்புக் கல், நிழல் ஒரு சாண் கிடையாது. கடைசியாக 1950இல் வெடித்தது. இன்னும் சில இடத்தில் ஆவி வருகிறது, கையை வைத்தால் சூடு தெரிகிறது. மூடிய காலணி போடுங்கள்.

அடுத்து பாலேயா கமேனியில் வெந்நீர் ஊற்று என்று அழைத்துப்போவார்கள். படகு ஊற்று வரைக்கும் போகாது. ஆழக் கடலில் குதித்து நீந்தித்தான் போக வேண்டும். இதை டிக்கெட் விற்கும்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. படகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் ஒரு சொல்: தண்ணீர் இளஞ்சூடுதான், செம்மண் நிறம், வெளிர்நிற உடையில் கறை போகாது.

படகில் இருந்து மேலே பார்க்கும் காட்சிக்காகவே போகலாம். நாம் மிதப்பது எரிமலையின் வயிற்றுக்குள். கிட்டத்தட்ட 3,600 வருடம் முன்பு அது வெடித்து, நடு இடிந்து உள்ளே போய், கடல் நிரம்பியது. சுற்றி நிற்கும் 300 மீட்டர் பாறைச் சுவர் அந்தப் பள்ளத்தின் விளிம்பு. கறுப்பு, சிவப்பு, சாம்பல் என்று அடுக்கடுக்காக, வெட்டிய கிணற்றின் சுவர் மாதிரி தெரியும். உச்சியில் மட்டும் வெள்ளைக் கோடாக வீடுகள். வந்த அன்றைக்குக் கப்பல் மேல்தளத்தில் நின்று அதை முதலில் பார்த்தபோது, "மலை மேல யாரோ கோலமாவைக் கொட்டிட்டாங்க" என்றாள் தூங்குமூஞ்சி. அன்றைக்கு அவள்தான் முதலில் விழித்திருந்தாள்.

1 ஜூன் 2025

ஃபிராவிலிருந்து ஓயாவுக்கு நடக்க மூன்று மணி நேரம் என்று உங்களுக்குத் தனியாக எழுதியிருந்தேன். பழைய குறிப்பைத் தேடிப் பார்த்தேன், எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆகியிருக்கிறது. தூரம் பத்து கிலோமீட்டர்தான். ஆனால் வழி நெடுக நின்று பார்க்க வைத்துவிடுகிறது, நடுவில் சறுக்குகிற சரளைக்கல் இறக்கமும் இருக்கிறது. அங்கேதான் நான் விழுந்து முட்டி தேய்ந்தது. காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, அங்கே எல்லோரும் பாட்டில் தண்ணீர்தான் குடிக்கிறார்கள்.

ஃபிராவின் பழைய துறைக்கு இறங்க கிட்டத்தட்ட 600 படி. கேபிள் காரும் உண்டு. கழுதை மேல் ஏறிப் போகலாம் என்று கூப்பிடுவார்கள். ஏறாதீர்கள். வெயிலில் அந்தப் படிகளில் அவை நிற்பதைப் பார்த்துவிட்டு எங்களால் ஏற முடியவில்லை. 100 கிலோவுக்கு மேலோ, தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ சுமை ஏற்றக் கூடாது என்று 2018இல் கிரீஸ் அரசு விதி போட்டது. விதி போட வேண்டிய நிலைமை இருந்தது என்பதே போதும்.

6 ஜூலை 2025

ஜூலை முதல் சொகுசுக் கப்பலில் வந்து இறங்குபவர்களுக்கு ஆளுக்கு 20 யூரோ வரி போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் உச்ச நாள்களில் 17,000 பேர் வரை இறங்கியிருக்கிறார்கள், அதாவது தீவின் மொத்த மக்களைவிட அதிகம். நீங்கள் சாதாரணப் படகில் வந்து தங்குகிறவர்கள், இந்த வரி உங்களுக்கு இல்லை. ஆனால் தங்கும் இடத்தில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனி வரி உண்டு. நான்கு நட்சத்திர விடுதியில் அறைக்கு 10 யூரோ, வாடகை வீட்டுக்கு 8. முன்பணத்தில் சேராது, அங்கே போய்க் கட்ட வேண்டும். ஐந்து பேர் கணக்கில் இதை எழுதி வையுங்கள், கடைசி நாளில் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சு வராது.

கப்பல் கூட்டம் காலை பத்து முதல் மாலை வரைதான். அதற்கு முன்னும் பின்னும் ஃபிரா வேறு ஊர். காலை ஆறரைக்கு அங்கே வாசல் படிகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடுக்கில் தூரிகையால் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே போனார். நம் வீட்டில் செம்மண் கோலம் இழுக்கிற அதே குனிவு. "கலிமேரா" என்றேன். திரும்பிச் சொல்லிவிட்டு, ஈரம் காயாத படியைக் காட்டி ஓரமாகப் போகச் சொன்னார்.

20 ஜூலை 2025

திரும்பி வரும் நாள் பற்றி எழுத மறந்துவிட்டேன், இதுதான் எல்லாவற்றிலும் அவசியம். தீவிலிருந்து நேராக வந்து அன்றைக்கே ஏதென்ஸில் ஊருக்கு விமானம் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள். கோடையில் வடக்கேயிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். பலமானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். எங்கள் கப்பல் நான்கு மணி நேரம் தாமதம். அதினியோஸ் துறையில் தகரக் கொட்டகை நிழலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். கப்பல்காரர்களிடம் கேட்டால் "வரும்" என்பதற்கு மேல் பதில் இல்லை. ஏதென்ஸில் ஓர் இரவு வைத்திருந்ததால் பிழைத்தோம்.

பதில் கேட்கும்போது ஒன்று. "நே" என்றால் கிரேக்கத்தில் ஆமாம். "ஓகி" என்றால் இல்லை. நாங்கள் முதல் நாள் முழுக்கத் தலைகீழாகப் புரிந்துகொண்டோம்.

3 ஆகஸ்ட் 2025

நான்கு இரவு பதிவு செய்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். உங்களுக்கென்று வைத்திருக்கும் அந்த ஒரு நாளில் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மற்ற நான்கு பேருக்கும் என்னால் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்கிறேன். அக்ரோத்திரி.

காலை திறக்கும் நேரத்துக்குப் போங்கள். பெரிய கூரைக்கு அடியில் ஓர் ஊரே இருக்கிறது. 1967இல் ஸ்பிரிதோன் மரினாத்தோஸ் தோண்டத் தொடங்கினார். 1974இல் அந்த இடத்திலேயே இறந்தார். 2005இல் கூரை சரிந்து ஒரு பயணி இறந்தார். அதற்குப் பிறகு 2012 வரை மூடியிருந்தது. இப்போதிருக்கும் கூரைக்குக் கீழே மரப்பாதை மேல் நடந்து பார்க்கிறோம். மாடி வீடுகள், தெரு, தெருவுக்கு அடியில் சாக்கடை. மரம் மக்கிப்போய்ச் சாம்பலில் விட்டுச்சென்ற பள்ளத்தில் சாந்து ஊற்றி எடுத்த கட்டிலின் உருவம்.

எனக்கு மறக்காதது ஒரு கல் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் நடுவில் சரியாக இரண்டாக உடைந்து வரிசையாக நிற்கிறது. எரிமலைக்கு முன்பு வந்த நிலநடுக்கம் உடைத்தது. அந்த ஊரில் இதுவரை ஒரு மனித எலும்புக்கூடுகூடக் கிடைக்கவில்லை. நிலம் ஆடியதும் வெளியே வந்தார்கள். திரும்பி வந்து இடிபாட்டை ஒதுக்கத் தொடங்கினார்கள். அப்புறம் மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். எங்கே போனார்கள், கடல் தாண்டினார்களா, யாருக்கும் தெரியாது. பிப்ரவரியில் 11,000 பேர் துறையில் பெட்டியோடு வரிசையில் நின்ற படத்தைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு அந்தப் படிக்கட்டுதான் கண்முன் வந்தது. மார்ச்சில் உங்கள் வீட்டுப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன் என்று எழுதினேனே, அதனால்தான்.

3 ஆகஸ்ட், இரவு

பக்கத்திலேயே சிவப்புக் கடற்கரை இருக்கிறது. பாறை சரியும் அபாயம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

24 ஆகஸ்ட் 2025

கடைசியாக ஒரு வேலை தருகிறேன், எனக்காகச் செய்யுங்கள்.

அக்ரோத்திரியில் கிடைத்த சுவரோவியங்களில் சில ஃபிராவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே ஒரு சுவர் முழுக்க நீலக் குரங்குகள் பாறை மேல் தாவிக்கொண்டிருக்கும். நான் போனபோது அரை மணி நேரம்தான் இருந்தது. 1999இல் கிடைத்த சின்னத் தங்க ஆட்டின் முன்னால் நின்றே அந்த நேரம் போய்விட்டது. குரங்குகளை நடந்துகொண்டே பார்த்தேன். எகிப்துக் குரங்கு என்று யாரோ சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது.

இப்போதுதான் படித்தேன். குரங்கு ஆய்வாளர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து அந்த ஓவியத்தைப் பார்த்து 2019இல் சொல்லியிருக்கிறார்கள், அவை ஆப்பிரிக்கக் குரங்குகள் இல்லை, நம் பக்கத்து லங்கூர் மந்தி. சாம்பல் நிறத்துக்கு நீலம் தீட்டியிருக்கிறார்கள். அடையாளம் வால். மேலே தூக்கி வளைத்துப் பிடித்திருக்கும் வால். சிந்து சமவெளிப் பக்கத்துக் குரங்கை வணிக வழியில் எங்கோ பார்த்த ஒரு கை அந்தத் தீவுச் சுவரில் வரைந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கோயில் மலையில் சின்ன வயதில் அந்த வாலைப் பார்த்துப் பயந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். அதே வால் அங்கே சுவரில் இருந்திருக்கிறது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் நின்று பாருங்கள்ம்மா. எல்லாக் குரங்குக்கும் வால் மேலேதான் இருக்கிறதா, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, அன்றைக்கு இரவு மேசையில் உட்காரும் முன்பு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.